கெட்ட அக்காவுக்கு என்ன ஆச்சு?

2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அன்று, எங்கள் வீட்டு ஹாலில் பதினாலு பேர் படுத்திருந்தோம், அதில் ஆறு பேர் குழந்தைகள். நாங்கள் இருப்பது ரெயின்போ நகரில், மாடி வீடு. சாதாரண மழைக்கே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் பகுதி இது, அன்றைக்குப் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கீழ் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் அவர்கள் பாய், தலையணை, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். எதிரில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் தகரக் கொட்டகையில் இருந்த குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொண்டோம். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, காற்று ஜன்னலை அடிக்கிற சத்தத்தில் சின்னதுகள் எல்லாம் மிரண்டு போயிருந்தன. அப்போதுதான் கீழ் வீட்டு வங்காளிப் பாட்டி மெழுகுவத்தியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு ஒரு கதையை ஆரம்பித்தார்.

ஆசிரமத்துக்காக நாற்பது வருஷத்துக்கு முன்னால் கல்கத்தாவிலிருந்து இங்கே வந்த குடும்பம் அவர்களுடையது. பாட்டியைத் தெருவே தீதா என்றுதான் கூப்பிடும், அவர்கள் ஊரில் அம்மாவைப் பெற்றவரை அப்படிச் சொல்வார்கள். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதியிலேயே வங்காளிக்குப் போய்விடுவார். கதை சுகு, துகு என்ற இரண்டு பெண்களைப் பற்றியது. நெசவாளி ஒருவரின் இரண்டு மனைவிகளுடைய பிள்ளைகள். சுகு சுகமாக வளர்கிறாள், துகுவுக்குத் துக்கம்தான். துகு காயப்போட்ட பஞ்சைக் காற்று தூக்கிக்கொண்டு போகிறது, அவள் அழுதுகொண்டே பின்னால் ஓடுகிறாள். வழியில் ஒரு பசு, என் தொழுவத்தைக் கூட்டிவிட்டுப் போ என்கிறது. வாழைமரம், என்மேல் படர்ந்த கொடியை எடுத்துவிடு என்கிறது. குதிரை புல் கேட்கிறது. அந்த அவசரத்திலும் எல்லோருக்கும் செய்து கொடுத்துவிட்டுப் போகிறாள். போய்ச் சேருகிற இடத்தில் நிலாவின் அம்மா, ஒரு கிழவி, உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள்.

இந்த இடத்தில் தீதா "சொர்க்கா, சொர்க்கா" என்று சொல்லிவிட்டுத் தமிழ் வார்த்தை கிடைக்காமல் நின்றுவிட்டார். குழந்தைகளுக்கு அது சொர்க்கம் என்றுதான் கேட்டது, நிலாவின் அம்மா சொர்க்கத்தில்தானே இருப்பாள். அப்போது சுவரோரம் படுத்திருந்த கொட்டகைக்காரப் பையன் எழுந்து வந்தான். மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை. மூன்று மாதமாக எதிரிலேயே இருந்தும் அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை, தெருப்பிள்ளைகள் அவனை விளையாட்டில் சேர்த்ததில்லை, "ஹிந்திக்காரன்" என்று சொல்லி ஓடுவார்கள், அவன் பேசுவது ஹிந்தியே இல்லை, வங்காளி. அவன் வந்து ஒரு கையால் சக்கரம் சுற்றி, இன்னொரு கையால் நூலை இழுத்துக் காட்டினான். "ராட்டை!" என்று என் பெண் கத்தினாள். அதற்கு அப்புறம் தீதா வார்த்தை கிடைக்காமல் தடுமாறும்போதெல்லாம் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அந்த ஒரு ராத்திரியில் எனக்குத் தெரிந்தது, நான் அதுவரை படித்த குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் எதிலும் கிடைக்காதது.

மீதிக் கதை: கிழவி துகுவைக் குளத்தில் இரண்டே முழுக்கு போட்டு வரச் சொல்கிறாள். முதல் முழுக்கில் அழகு, இரண்டாவதில் நகை. பெட்டி எடுத்துக்கொள் என்றதும் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறாள். சுகு பிறகு அதே வழியில் போகிறாள், ஒருவருக்கும் உதவவில்லை, பேராசையில் மூன்றாவது முழுக்கும் போடுகிறாள், உடம்பெல்லாம் கொப்புளம். பெரிய பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து திறக்க, உள்ளே இருந்த மலைப்பாம்பு அவளை விழுங்கிவிடுகிறது. கதை கேட்ட பிள்ளைகள் கைதட்டினார்கள். என் பெண் மட்டும், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், "அந்த அக்காவை அப்புறம் யாரும் தேடலையா?" என்று கேட்டாள். மழை சத்தத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தபோதே, இது எனக்குத் தெரிந்த கதை ஆயிற்றே என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்தவள். ஷார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட தேவதைக் கதைகளில் ஒன்று: ஊற்றில் தண்ணீர் மொள்ளப் போன பெண்ணிடம் ஒரு ஏழைக் கிழவி குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள், அவள் குடத்தைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுக்கிறாள். அன்றிலிருந்து அவள் பேசினால் வாயிலிருந்து பூவும் ரத்தினமும் விழும். மரியாதை இல்லாமல் பேசிய அக்கா வாயிலிருந்து பாம்பும் தேரையும். வங்காளத்தில் பாட்டிகள் சொல்லி வந்து, 1907-இல் அச்சுக்கும் போன கதையும் இதுவும் ஒரே எலும்பு. கொஞ்சம் தேடிப் பார்த்தேன், நாட்டுப்புறக் கதைகளை வகை பிரித்து எண் கொடுத்திருக்கும் சர்வதேசப் பட்டியலில் இதற்கு 480-ஆம் எண்ணே இருக்கிறது: அன்பான பெண்ணும் அன்பில்லாத பெண்ணும். ஜெர்மனியில் இருக்கிறது, ரஷ்யாவில் இருக்கிறது. அக்கா தங்கைக்குப் பதில் அண்ணன் தம்பியை வைத்து இதே போக்கில் கொரியாவிலும் ஒன்று சொல்கிறார்கள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மொட்டை மாடியில் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்கிறேன். அன்பைக் கற்றுக்கொடுக்க விதவிதமான கதை தேட வேண்டாம், ஒரே கதையைப் பல நாட்டார் எப்படி எப்படிச் சொன்னார்கள் என்று அடுத்தடுத்து சொன்னாலே போதும் என்பதுதான் நான் கண்டது. ஒரே ஒரு கதை சொன்னால் குழந்தை அதை அப்படியே சரி என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவதைச் சொன்னதும், "அங்க வேற மாதிரி சொன்னீங்களே" என்று ஆரம்பிக்கும். மூன்றாவது வரும்போது சண்டையே வந்துவிடும். அந்தச் சண்டையில்தான் அவர்கள் யோசிக்கிறார்கள், யார் செய்தது நியாயம், யாருக்கு வலித்திருக்கும் என்று.

பெரோ கதையையே எடுத்துக்கொள்வோம். கடைசியில் ராஜகுமாரன் வருகிறான். அவள் பேசப்பேச முத்தும் ரத்தினமும் விழுவதைப் பார்த்து, வேறு எந்தப் பெண் கொண்டு வரும் சீரையும்விட இது பெரிசு என்று கணக்குப் போட்டுத்தான் கல்யாணம் செய்துகொள்கிறான். இது நான் சேர்த்தது கிடையாது, பெரோவே அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்ப அவ நல்லவன்னு கட்டிக்கலையா, வரதட்சணைக்குத்தானா?" என்றாள். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் கதை ரெயின்போ நகர் மாடியில் அவ்வளவு கிட்டே வந்து உட்கார்ந்துவிட்டது. அக்கா அந்தக் கதையில் காட்டு மூலையில் தனியாகச் செத்துப்போகிறாள். என் பெண் மறுபடி அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

ஜெர்மன் கதையை கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்டார்கள். அதில் பெண் கிணற்றுக்குள் குதித்து வேறொரு உலகத்துக்குப் போகிறாள். அடுப்புக்குள் இருக்கும் ரொட்டி, கருகிவிடுவேன், என்னை எடு என்று கத்துகிறது. ஆப்பிள் மரம் என்னை உலுக்கு என்கிறது. அங்கே இருக்கும் ஹோலே அம்மா என்ற கிழவி வீட்டில் மெத்தையை நன்றாக உதற வேண்டும், அந்த இறகு பறந்தால்தான் பூமியில் பனி விழும். புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பனி எங்கே தெரியும்? பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைக் கிழித்து மாடியில் உதறினோம். கடல் காற்றில் பஞ்சு தெரு முழுக்கப் போனது. மறுநாள் காலை நான் விளக்குமாற்றோடு நாலு வீட்டு வாசலையும் கூட்டினேன், கொட்டகைப் பையன் கேட்காமலேயே வந்து சேர்ந்துகொண்டான்.

ரஷ்யக் கதைதான் என்னைத் தூங்கவிடாதது. சின்ன வயசில் எங்கள் வீட்டில், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில் அப்பா வாங்கி வந்த சோவியத் குழந்தைப் புத்தகங்கள் தமிழில் நிறைய இருந்தன, வழவழ தாளில் பெரிய பெரிய படங்களோடு. ரஷ்யக் கதைகள் மேல் எனக்கு அப்போதிலிருந்தே தனிப் பிரியம், அதனால் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பனிக்காட்டில் விடப்பட்ட பெண்ணிடம் பனித்தாத்தா வந்து, கதகதப்பாக இருக்கிறதா பெண்ணே என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே, கதகதப்பாக இருக்கிறது தாத்தா என்கிறாள். இன்னும் குளிரைக் கூட்டிக் கேட்கிறார். அதே பதில். அவள் பொறுமையை மெச்சி கம்பளியும் பெட்டி நிறையப் பரிசும் கொடுக்கிறார். அடுத்து வந்தவள் குளிர் தாங்காமல் திட்டுகிறாள், உறைந்து செத்துப்போகிறாள்.

நான் நிறுத்தியதும் ஒரு பையன் கேட்டான், "குளிருதுன்னு சொன்னா அது கெட்ட புத்தியா ஆன்ட்டி?"

ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு நாம் அன்பு என்ற பெயரில் எவ்வளவு நாளாக இதைத்தான் ஊட்டிக்கொண்டிருக்கிறோம், வலித்தாலும் வலிக்கவில்லை என்று சொல், விருந்தாளி கிள்ளினாலும் சிரி, அக்கா நீதானே விட்டுக்கொடு. அந்தக் கதையை நான் ஆசையாகச் சொன்னேன், அதில் இது இருப்பதை நாற்பது வயது வரை பார்க்கவில்லை. அந்தப் பையனிடம் சொன்னேன்: இல்லடா, குளிருது என்று சொல்லத்தான் வேண்டும், யார் கேட்டாலும் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து ஒன்றைப் பிரித்து வைத்தோம். துகு பசுவுக்குச் செய்தது உதவி. பனிக்காட்டுப் பெண் செய்தது பயத்தில் சொன்ன பொய். இரண்டுக்கும் கதையில் பரிசு ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குழந்தைகளுக்கு அன்பைப் பற்றிக் கதை சொல்லும் எல்லோரும் இந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். சிண்ட்ரெல்லா வகைக் கதைகளைச் சொன்ன அன்று மாற்றாந்தாய்க் கொடுமையை ஏற்ற இறக்கத்தோடு நடித்துக்காட்டினேன். மாடியில் எங்களோடு உட்காரும் பிள்ளைகளில் ஒருவனுக்கு அம்மா தவறிப்போய், அப்பா போன வருஷம் மறுகல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். அவனுடைய சித்தி அன்றைக்கு எல்லோருக்கும் சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். பையன் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. அவர் முகத்தை நான் பார்த்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு வேறு மாதிரி ஆரம்பித்தேன். கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதல் தடவை அச்சிட்டபோது பனிவெண்மைப் பெண்ணை (ஸ்னோ வைட்) கொல்லப் பார்த்தது அவளைப் பெற்ற தாய்தான், ஹான்சல், கிரெட்டல் என்ற அண்ணனையும் தங்கையையும் காட்டில் தொலைத்துவிட்டு வரச் சொன்னதும் பெற்ற தாய்தான். பிறகு வந்த பதிப்புகளில்தான் அந்த அம்மாக்களை மாற்றாந்தாயாக மாற்றினார்கள். ஊற்றுக் கதையிலும் பெரோ எழுதியது பெற்ற தாயையே. "அப்ப பாவம், சும்மா இருந்தவங்க மேல பழியப் போட்டுட்டாங்க" என்றாள் ஒருத்தி. அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி வருகிறாரா என்று படிக்கட்டை மட்டும் எட்டிப் பார்த்தான். இப்போதெல்லாம் கதைக்கு முன்னால், எதிரே உட்கார்ந்திருப்பது யார் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

வேறு நாட்டுக் கதை என்றால் முடிந்தவரை அந்த மண்ணோடு சம்பந்தம் உள்ளவரே சொன்னால் அழகு. புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமே இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் கட்டித் திரும்பிய குடும்பங்கள் இங்கே எத்தனையோ, சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகள், பலவற்றுக்கு வியட்நாம் உறவு இருக்கும். என் சிநேகிதியின் மாமியார் அங்கே பிறந்தவர், சைகோன் ஆயா என்போம். அவரைக் கூட்டி வந்தோம். தாம், காம் என்ற இரண்டு பெண்களின் கதையைச் சொன்னார். வியட்நாமியில் தாம் என்றால் நொய்யரிசி, காம் என்றால் தவிடு. ஒரே நெல்லிலிருந்து வந்த இரண்டு பெயர்கள், அதைச் சொல்லும்போதே ஆயா நொய்க்கஞ்சி கிண்டுவது போல் கையைச் சுற்றினார். தாம் ஒரு சின்ன மீனைக் கிணற்றில் வளர்க்கிறாள், தன் சோற்றில் மிச்சம் பிடித்துப் போடுகிறாள், மீனைக் கொன்றுவிடுகிறார்கள், புதைத்து வைத்த எலும்பு அவளுக்குப் பட்டுத் துணியும் செருப்பும் ஆகிறது. கல்யாணம் வரை சொல்லிவிட்டு ஆயா நிறுத்திக்கொண்டார். அப்புறம் கீழே சமையலறையில் எனக்கு மட்டும் சொன்னார், முடிவில் தாம் காமைக் கொதிக்கும் தண்ணீரில் சாகடிக்கிறாளாம். "அவ்ளோ நல்ல பொண்ணு, கடைசில இப்படி ஆயிட்டா. அத எப்படிம்மா புள்ளைங்ககிட்ட சொல்றது?" என்றார். அவருக்கும் அவர் அம்மா இந்த இடத்தில் நிறுத்தித்தான் சொல்வாராம்.

என் பெண்ணின் கேள்விக்கு ஓரளவு பதில் கொரியாவில் கிடைத்தது. ஹுங்பு ஏழைத் தம்பி, கால் ஒடிந்த தகைவிலான் குருவிக்குக் கட்டுப் போட்டுவிடுகிறான். அடுத்த வசந்தத்தில் அது ஒரு சுரை விதையைக் கொண்டுவந்து போடுகிறது, காய்த்த சுரைக்காயை அறுத்தால் உள்ளே செல்வம். அண்ணன் நோல்பு வேண்டுமென்றே ஒரு குருவியின் காலை ஒடித்துவிட்டுக் கட்டுப் போடுகிறான். (இந்த இடத்தில் மாடியே "அடப்பாவி" என்றது.) அவன் சுரைக்காயிலிருந்து வந்தவை அவனை ஓட்டாண்டி ஆக்கிவிடுகின்றன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. தம்பி அண்ணனைக் கூட்டி வந்து தன் செல்வத்தில் பங்கு கொடுத்து வைத்துக்கொள்கிறான். சொல்லி முடித்ததும் என் பெண் எழுந்து நின்று, "இதுதான்!" என்றாள்.

பரிசு விஷயம் இன்னும் மனசை அரிக்கிறது. எல்லாக் கதையிலும் உதவி செய்தால் தங்கம். அப்படியே கேட்டு வளர்ந்தால் உதவி ஒரு கொடுக்கல் வாங்கல் ஆகிவிடாதா? ஜப்பானியக் கதை ஒன்றில் வருஷக் கடைசி நாளில் கிழவர் விற்காத ஓலைத் தொப்பிகளோடு வெறுங்கையாகத் திரும்புகிறார், வழியில் ஆறு கல் சிலைகள் பனியில் நனைகின்றன, தொப்பி ஐந்துதான் இருக்கிறது. ஆறாவதுக்குத் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். அரிசி வாங்கிவராத புருஷனைக் கிழவி கோபிக்கவில்லை, நல்லது செய்தீங்க என்கிறாள். இருவரும் அரை வயிற்றோடு படுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி சிலைகள் மூட்டை மூட்டையாக உணவு கொண்டுவந்து வைப்பது பிறகு வரும். நான் அவர்கள் படுத்துக்கொண்டதோடு நிறுத்திவிடுகிறேன், மறுவாரம் யாராவது கேட்டால்தான் மீதி.

போன மே மாதம் பிள்ளைகளை வேன் வைத்துக் கடலூர் வழியாக வடலூர் கூட்டிக்கொண்டு போனோம். வள்ளலார் 1867-இல் தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது, யார் என்ன என்று கேட்காமல் வந்தவர்க்கெல்லாம் சோறு. வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கொட்டகைப் பையன் (இப்போது அவன் தமிழ் என் தமிழைவிட வேகம்) கேட்டான், "இவங்களுக்கு யாரு பெட்டி குடுப்பா?" பரிமாறிக்கொண்டிருந்த பெரியவருக்குக் கேள்வி விளங்கவில்லை, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்.

நீதி என்ன என்று கதை முடிவில் நான் கேட்பதில்லை. கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே ராகத்தில் "பிறருக்கு உதவ வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும், அது பரீட்சைக்கான பதில். கதை கேட்டதால் என் பெண் மாறிவிட்டாள் என்றும் சொல்ல மாட்டேன், நேற்றுக்கூடத் தம்பியைத் தள்ளிவிட்டாள். தள்ளியபிறகு திரும்பிப் பார்த்தாள், அதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சுகுவுக்குப் புது முடிவு ஒன்று செய்தார்கள். துகுவே சுகுவைக் கூட்டிக்கொண்டு மறுபடி கிளம்புகிறாள், போகிற வழியில் பசுவிடமும் வாழைமரத்திடமும் மன்னிப்புக் கேட்க வைக்கிறாள், குளக்கரையில் நின்று, ரெண்டே முழுக்குதான், நான் எண்ணுகிறேன் என்கிறாள். இதைத் தீதாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தீதாவுக்கு இப்போது முட்டி வலி, மாடி ஏறுவதில்லை, அதனால் எல்லோரும் கீழே இறங்கி அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாதி தமிழிலும் பாதி வங்காளியிலுமாகக் கொட்டகைப் பையன் சொன்னான், மற்றவர்கள் இடையிடையே திருத்தினார்கள். தீதா கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். அப்புறம் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரி. பாம்பு வயித்துல இருந்த பொண்ண எப்படி வெளிய எடுத்தது? பாம்புக்கு வலிக்கலையா?"

அதை ஒருத்தரும் யோசித்திருக்கவில்லை. அங்கேயே, கட்டிலைச் சுற்றி, சண்டை ஆரம்பித்துவிட்டது.